பழைய மென்பொருளுக்கு ஒரு சத்திரம்

நம்ம ஊர்ப் பேரிலேயே சத்திரம் இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ளேயும் ஒரு சத்திரம் கட்டலாம், தெரியுமா?

கணினியில் தமிழ் எழுத வந்த ஆரம்பகால மென்பொருள்களில் ஒன்று 'ஆதமி'. 1980-களில் கனடாவில் முனைவர் சீனிவாசன் உருவாக்கியது. டாஸில் ஓடும். டாஸ் கால நிரல்கள் பெரும்பாலும் 16 பிட். இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது. அப்போ அதில் எழுதியதெல்லாம் வீணா? இல்லை!

விர்ச்சுவல் மெஷின் என்றால் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். நிஜப் பெட்டி கிடையாது, எல்லாம் மென்பொருள் செய்யும் வேலை. 2007-ல் வெளியான விர்ச்சுவல்பாக்ஸ் இதற்கு உதவும், இலவசம்.

செய்முறை:
1. விர்ச்சுவல்பாக்ஸைப் பதியவும்.
2. நினைவகத்தில் ஒரு பங்கு ஒதுக்கவும். எக்ஸ்பிக்கு 512 எம்.பி. போதும்.
3. ஹார்டு டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பு உருவாகும். அதுதான் விருந்தாளியின் டிஸ்க்.
4. பழைய விண்டோஸ் சி.டி.யைப் போட்டுப் பதியவும். அது தனிக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே நினைச்சுக்கும்!

கவனம்: எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014-லேயே நின்றுவிட்டன. விருந்தாளிக்கு இன்டர்நெட் கொடுக்காதீங்க.

எங்க மாமா டி.டி.பி. வேலை செய்தவர். பாட்டி பாடிய கும்மிப் பாட்டுகளைப் பழைய மென்பொருளில் அடிச்சு வச்சிருந்தார். பாட்டி இப்போ இல்லை. இந்த முறையில்தான் அந்தக் கோப்பைத் திறந்தோம். படித்துப் பார்த்து, யூனிகோடில் நானே மறுபடி அடிச்சேன்.

உங்க வீட்டிலும் பழைய சி.டி. இருந்தா தூக்கிப் போடாதீங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி