பூட்டுக்கு யார் சாட்சி?

டெல்லி லோதி ரோட்டின் சிஜிஓ வளாகத்தில் உள்ள அரசு அலுவலகங்களில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, அரசு இணையதளங்களைப் பராமரிக்கும் என்ஐசி. மற்றொன்று, மின்சான்றிதழ் வழங்குவோருக்கு உரிமம் தரும் கட்டுப்பாட்டாளர் அலுவலகம்.

2014 ஜூலை 2 அன்று, தான் கேட்காமலே தன் டொமைன்களுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை கூகுள் கண்டறிந்தது. வழங்கியது, அந்த உரிமத்தைப் பெற்றிருந்த என்ஐசி. மறுநாளே கட்டுப்பாட்டாளர் என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வழங்கும் முறையே பாதுகாப்பு இழந்துவிட்டது, கூகுள் பெயரில் மூன்று, யாஹூ பெயரில் ஒன்று என நான்கு தவறாகப் போயின என்பது அவர் சொன்ன கணக்கு. இன்னும் இருக்கின்றன என்றது கூகுள். இந்திய அரசின் மூலச் சான்றிதழை விண்டோஸ் நம்பியதால், அதை ஒட்டி இயங்கிய குரோமும் சிக்கலுக்குள் வந்தது. தான் நம்பும் மூலச் சான்றிதழ்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் தப்பியது.

பிரவுசர் காட்டும் பூட்டு, 'இந்தச் சாவி இந்த டொமைனுக்கு உரியது' என்று மூன்றாம் நபர் ஒருவர் சான்றிதழ் வழியாகச் சொல்லும் சாட்சி. சாட்சி பிறழ்ந்தால் பூட்டு மட்டும் அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கு அந்தச் சாட்சி இன்று இலவசம். 2015 டிசம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனம், டொமைன் உங்கள் கையில்தான் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். செர்ட்பாட் நிரலை ஓட்டினால், அது சர்வரில் ஒரு கோப்பை வைக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் வெளியிலிருந்து 80ஆம் போர்ட் வழியாக அதைப் படித்துப் பார்த்து, சான்றிதழ் தரும். ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை அடைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று புலம்புவோர் ஏராளம். ரகசியச் சாவி உங்கள் சர்வரிலேயே உருவாகிறது. அதை யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். பழைய டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். காலாவதியாகப் போகிறது என்று வந்துகொண்டிருந்த நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. ஆகவே புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும். நடக்கிறதா என்பதை செர்ட்பாட்டின் ஒத்திகை வசதியால் சோதித்துக்கொள்ளலாம்.

லோதி ரோடு விவகாரம் போல ஒன்று உங்கள் டொமைனுக்கு நேர்ந்தால்? டிஎன்எஸ்ஸில் சிஏஏ பதிவு ஒன்றைச் சேர்த்தால், யார் மட்டும் சான்றிதழ் தரலாம் என்று விதிக்கலாம். ஆனால் ஊடுருவப்பட்ட நிறுவனம் விதியை மதிக்காது. அப்போது கைகொடுப்பவை, வழங்கப்படும் சான்றிதழ்களைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடுகள். 2018 ஏப்ரலுக்குப் பின் வழங்கப்பட்டவை அவற்றில் பதிவாகாவிட்டால் குரோம் ஏற்பதில்லை. யார் வேண்டுமானாலும் தேடலாம், கட்டணம் கிடையாது. உங்கள் டொமைன் பெயரை அங்கே அவ்வப்போது தேடிப் பாருங்கள்.