பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கோப்பைக் காணோம்!

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் ‘பெரட்டு’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடி நிற்பார்கள். கிராணி பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை அழைப்பார். பெயர் இருந்து ஆள் இல்லையென்றால், அவர் காய்ச்சலில் படுத்திருக்கலாம். தோட்டத்தை விட்டே போயிருக்கலாம். விசாரிக்காமல் பெயரை அடித்துவிடலாமா?

கணினியிலும் இப்படி ஒரு பெரட்டு உண்டு.

நீங்களும் நண்பர்களும் கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளை எண்ணிப் பள்ளித் திட்டம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவின் கணக்குக்கு ஒரு கோப்பு. திடீரென்று ஒரு கோப்பைக் காணவில்லை! போன வார இரவுக்குத் திரும்பிப் போய் எண்ண முடியுமா?

இதற்குத்தான் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் உதவுகின்றன. 2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’, அதற்கு முந்திய ‘சப்வெர்ஷன்’ ஆகியவை அவற்றுள் சில. நீங்கள் பதிவு செய்யும் ஒவ்வொரு பதிப்பும் களஞ்சியத்தில் சேர்கிறது. நீங்கள் வேலை செய்யும் கோப்புறை, பணிப்பிரதி எனப்படும். ‘ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுத்தால் மென்பொருள் இரண்டையும் ஒப்பிடும். பதிவில் இருந்து, பணிப்பிரதியில் இல்லாத கோப்பைச் சப்வெர்ஷன் ‘!’ குறியிட்டுக் காட்டும். கிட் ‘டெலிட்டட்’ என்று சொல்லும்.

கோப்பு கைதவறி அழிந்ததா, வேண்டுமென்றே நீக்கப்பட்டதா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கைதவறி அழிந்திருந்தால், கோப்பின் பெயரோடு கிட்டில் ‘ரெஸ்டோர்’, சப்வெர்ஷனில் ‘ரிவர்ட்’ கட்டளையைக் கொடுங்கள். கடைசியாகப் பதிவான பதிப்பு திரும்பி வரும்.

உண்மையிலேயே வேண்டாத கோப்பென்றால், கிட்டில் ‘ஆர்எம்’, சப்வெர்ஷனில் ‘டெலிட்’ கட்டளையால் நீக்கி, அந்த மாற்றத்தையும் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் நடந்திருக்கலாம். நண்பர் கோப்பின் பெயரை மாற்றியிருப்பார். அப்போது பழைய பெயர் காணாமல்போனதாகவும், புதிய பெயர் அறிமுகமில்லாத கோப்பாகவும் பட்டியலில் தெரியும். எனவே பட்டியலை முழுதாகப் படியுங்கள்.

படிக்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும்? கிட்டில் ‘எல்லா மாற்றங்களையும் பதிவு செய்’ என்று கட்டளையிட்டால், தவறி அழிந்த கோப்பும் ‘நீக்கப்பட்டது’ என்றே பதிவாகிவிடும். அந்தப் பதிவைப் பெறும் நண்பர்களின் கணினியிலிருந்தும் கோப்பு மறையும். பழைய பதிப்பு களஞ்சியத்தில் இருப்பதால் மீட்க வழியுண்டு. ஆனால் கோப்பு போனதையே யாரும் கவனிக்காவிட்டால் மீட்பது யார்?

ஒருமுறைகூடப் பதிவு செய்யாத கோப்பை இந்த மென்பொருள்களால் மீட்டுத் தர முடியாது. பதிவேட்டில் ஏறாத பெயரைக் கிராணி எப்படி அழைப்பார்? ஆகவே, எண்ணி முடித்த இரவே பதிவு செய்துவிடுங்கள்.