ஏரியோர நிலங்களின் எல்லையும் வெள்ளநீரின் வழியும்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. இவற்றைச் சூழ்ந்துள்ள பட்டா நிலங்கள் பாகப்பிரிவினையாலும் விற்பனையாலும் துண்டுபட்டு வருகின்றன. பல இடங்களில் அவை வீட்டுமனைகளாகவும் மாறுகின்றன. இவ்வாறு எல்லைகள் மாறும்போது, "எங்கள் வயலில் நீர் தேங்கும்" என்று பக்கத்து நிலத்தார் முறையிடுகின்றனர். பொறாமையால் எழுந்த தகராறு என்று இதை ஒதுக்கிவிடலாகாது. பெரும்பாலும் அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. அதன் காரணத்தையும், பரிகாரத்தையும் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

புலப்படம் காட்டாதவை

உட்பிரிவு செய்வதற்கு ஆதாரமாயிருப்பது நில அளவைப் புலப்படம். அதில் ஒவ்வொரு எல்லைக் கோட்டின் நீளமும், கற்களின் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். புறம்போக்காகப் பதிவான வாய்க்கால்களும் காணப்படும். ஆனால் நிலத்தின் மேடு பள்ளம் அதில் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் பள்ளக்கால், வரப்பில் விடப்பட்ட மடை, வயல்விட்டு வயல் வடியும் வழி ஆகியவையும் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. ஆகவே, அளவையில் ஓர் அங்குலப் பிழையும் இல்லாத உட்பிரிவுகூட நீரின் வழியை அடைத்துவிடக் கூடும்.

ஏரியின் உள்வாய்ப் பக்கமுள்ள நிலங்கள் வழியாகவே சுற்றுப்புறத்து மழைநீர் ஏரிக்குச் சேர்கிறது. அங்கே ஒருவர் மண் கொட்டி மனையை உயர்த்தினால், மேற்புறத்தார் வயலில் நீர் நிற்கும். ஏரிக்கு வரத்தும் குறையும். கலங்கலுக்குக் கீழே போக்குக்கால்வாயை ஒட்டிய நிலங்களிலோ ஆபத்து வேறு விதமானது. அங்கே கால்வாய் குறுகினால், ஏரி நிரம்பி வழியும் நாளில் வெள்ளம் குடியிருப்புக்குள் புகும். 2015 டிசம்பரில் சென்னையின் தென்புறப் பகுதிகள் பட்ட துன்பத்தை நாம் மறக்க இயலாது.

ஒரு சிறு கணக்கு

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 1,000 கன மீட்டர். அதாவது 10 இலட்சம் லிட்டர். ஒரு சாண் உயர வரப்புள்ள வயல் இந்நீரைத் தாங்கி நின்று, சிறிது சிறிதாக வடியவிடும். அதே நிலம் மனைகளாகப் பிரிந்து, வரப்பு அழிந்து, கூரையும் சாலையும் சுவரும் ஏற்பட்டுவிட்டால், நீரின் பெரும்பகுதி சில மணி நேரத்திற்குள் வெளியேறும். மழை முன்போலவே பெய்கிறது. வெளியேறும் வேகமும் இடமும் மாறிவிடுகின்றன. பக்கத்து நிலத்தாரின் அச்சத்திற்கு இதுவே மூலகாரணம்.

சட்டம் கூறுவது

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், மேல் நிலத்தில் இயற்கையாக ஊறும் அல்லது விழும் நீர், தாழ்ந்த நிலத்தின்மீது இயல்பாக ஓடுவதற்கு இடந்தர வேண்டும் என்ற உரிமையை ஏற்கிறது. எனவே கீழ் நிலத்தார் அதை மறித்துச் சுவர் எழுப்புவது முறையன்று. அதே சமயம், இந்த உரிமை இயல்பாக ஓடும் நீருக்கே உரியது. நிலத்து நீரையெல்லாம் ஒரே குழாயில் திரட்டி அடுத்தவர் வயலில் விடுவதற்கு இதைத் துணையாகக் கொள்ளலாகாது. அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு பாகப்பிரிவினைக்கு மிகவும் பொருந்துவது. வசதியுரிமை பெற்ற நிலம் பிரிக்கப்பட்டால் அவ்வுரிமை ஒவ்வொரு பங்குக்கும் சேரும். ஆனால் அதனால் அண்டை நிலத்தின்மீதுள்ள சுமை கணிசமாக அதிகரிக்கக் கூடாது.

ஏரியும் வாய்க்கால் புறம்போக்கும் இவ்வகையில் பேரம் பேசத்தக்க பொருள்களே அல்ல. அரசுப் புறம்போக்கில் நேரும் ஆக்கிரமிப்பை 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அகற்றலாம். நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளின் எல்லையை அளந்து வரையறுக்கவும், ஆக்கிரமிப்பை நீக்கவும் 2007-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அண்டை நிலத்தார் அனைவரும் சம்மதித்தாலும், வாய்க்காலை மனையோடு சேர்த்துக்கொள்ள முடியாது.

கல் நடுவதற்கு முன்பு

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் நில உடைமையாளர்களும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவதாக, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியத் தொடங்கும் நாளில் நீர் விளிம்பு நெடுகிலும் முளைகள் அடித்து வைக்க வேண்டும். முழு நீர்மட்டத்தை இதைவிடத் தெளிவாக எந்த ஏடும் காட்டாது. வழியும் வெள்ளம் அதற்குமேலும் சிறிது உயரும் என்பதால், முளை வரைக்கும் வீடு கட்டலாம் என்று கருதலாகாது.

இரண்டாவதாக, புலப்படத்தின் நகலைக் கையில் கொண்டு, மேல் நிலத்தாரும் கீழ் நிலத்தாரும் ஒன்றாக நிலத்தைச் சுற்றி வர வேண்டும். பள்ளக்கால், மடை, மதகு ஒவ்வொன்றையும் நகலில் குறித்துக்கொள்ள வேண்டும். பலத்த மழை பெய்த மறுநாளே இதற்குத் தக்க நாள்.

மூன்றாவதாக, இவ்வாறு குறித்த வடிகாலின் அகலத்தையும் போக்கையும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ கிரயப் பத்திரத்திலோ தெளிவாக எழுத வேண்டும். அதைத் தூர் வாருவது யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தல் அவசியம். பெரியவர்கள் மறைந்த பின் வாய்மொழி உடன்பாடு நிற்பதில்லை, பத்திரம் நிற்கும்.

நான்காவதாக, மனைப்பிரிவின் சாலைகள் பஞ்சாயத்திடம் ஒப்படைக்கப்படும்போது, நீர் குறுக்கிடும் இடங்களில் போதிய சிறுபாலங்கள் உள்ளனவா என்று நேரில் பார்க்க வேண்டும். சாலையை ஏற்றுக்கொண்டபின் அக்குறையும் பஞ்சாயத்தையே சேரும்.

முறையீடு உள்ளவர்கள் உட்பிரிவு அளவையின்போதே நில அளவரிடமும் வட்டாட்சியரிடமும் அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கல் நட்டுச் சுவர் எழுந்த பிறகு வழக்கு மன்றம் செல்வது இரு தரப்பாருக்கும் செலவையே தரும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால், பத்தாம் நூற்றாண்டிலேயே அவ்வூர்ச் சபை ஏரிக்கென்று தனி வாரியம் அமைத்திருந்ததை அறிகிறோம். அத்தகைய பொறுப்பு இன்று நம் பஞ்சாயத்துகளிடம் உள்ளது. நிலத்தைப் பிரிப்பது உடையவரின் உரிமை. பிரிந்த நிலத்தின் வழியே நீர் தடையின்றிச் செல்வது ஊரின் உரிமை. இவ்விரண்டும் ஒரே வரைபடத்தில் இடம்பெறச் செய்வோமாயின், ஏரியும் நிறையும், அண்டை வயலும் பிழைக்கும்.