தீபத்தைப் படம்பிடித்தலும் தேடுவோரிடம் சேர்த்தலும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலை 6 மணியளவில் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளியில் எழுந்தருள, கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்பட, அதே வேளையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் மகாதீபம் சுடர்விடும் நிகழ்ச்சி, காணொளிக் கலையின் ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களையும் ஒரே நேரத்தில் முன்வைக்கிறது. மங்கும் அந்தி ஒளி, தொலைவில் ஒரு சிறு சுடர், அருகில் பெருந்திரள், ‘அரோகரா’ முழக்கம், செல்பேசி இணைப்பு திணறும் நகரம் ஆகியவை சேர்ந்து வரும் அத்தருணத்தைச் செவ்வனே பதிவு செய்யத் தெரிந்தவருக்கு வேறெந்த ஊர்விழாவும் கடினமாக இராது.

முதற்சிக்கல் ஒளியளவு. செல்பேசியின் கேமரா தன் முன் உள்ள காட்சியின் சராசரி ஒளியை அளந்து அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இயல்புடையது. இருண்ட மலை திரையின் பெரும்பகுதியை நிரப்பும்போது, அது இருளை ஈடுசெய்ய முனைந்து ஒளியைக் கூட்டிவிடுவதால், மலை சாம்பல் நிறப் புள்ளிகளாகச் சிதைவதோடு, பொன்னிறச் சுடரும் நிறமிழந்து வெறும் வெண்திட்டாகிவிடுகிறது. இதைத் தவிர்க்க, வெளிச்சம் இருக்கும்போதே மலையுச்சியின் விளிம்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவைத்து, சுடர் தோன்றும் கணத்துக்கென ஒளியளவைச் சற்றுக் குறைத்தே வைத்திருக்க வேண்டும். நிறச்சமநிலை, அதாவது எந்த ஒளியை வெண்மையாகக் கொள்வது என்ற கணக்கு, பகலொளிக்கு உரியதாக நிலைநிறுத்தப்பட்டால் தீயின் பொன்னிறம் மாறாமல் பதிவாகும். உச்சியை அருகில் காட்ட வில்லையின் உருப்பெருக்கமே உதவும். விரல்களால் திரையை விரித்துப் பெறும் பெருக்கம் பெரும்பாலும் படத்தின் ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்குவதே என்பதால் தெளிவைக் குலைத்துவிடும். முக்காலி இன்றி இவற்றில் எதுவும் பயன் தராது.

மாடவீதிகளின் மின்விளக்குகள் இன்னொரு தொல்லை தருகின்றன. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதாக இருப்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இத்துடிப்பு, ஒளி உட்புகும் ஷட்டர் நேரத்தோடு ஒத்துப்போகாதபோது படத்தில் கருங்கோடுகளாக ஓடுகிறது. ஷட்டரை நொடியில் 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ வைத்தால் பெரும்பாலும் இது மறைந்துவிடும்.

நேரலையில் படத்தின் தரத்தைவிட இணைப்பின் உறுதியே முதன்மையானது. முழு உயர்தெளிவுப் படத்தை நொடிக்கு 5 மெகாபிட் வீதம் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.25 ஜிகாபைட் தரவு மேலேற்றப்பட வேண்டும். 2003இல் வெளிவந்து இன்றளவும் பரவலாக உள்ள எச்.264 என்னும் சுருக்கமுறை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பித் தரவைக் குறைக்கிறது. ஆனால் அசையும் திரளிலும் புகையிலும் நடுங்கும் சுடரிலும் ஒவ்வொரு புள்ளியும் மாறிக்கொண்டே இருப்பதால், தீபத்தன்றுதான் அச்சுருக்கம் மிகக் குறைவாகப் பயன்படுகிறது. பல இலட்சம் பேர் ஒரே செல்பேசிக் கோபுரங்களை நம்பியிருக்கும் அம்மாலையில் ஒற்றைச் சிம் அட்டையைக் கொண்டு நேரலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு மலையேறுவதை ஒக்கும்; கண்ணாடியிழைக் கம்பி இணைப்போ, வெவ்வேறு நிறுவனங்களின் பல சிம்களை ஒன்றுசேர்க்கும் கருவியோ தேவை. பல கேமராக்களை மாற்றிமாற்றிக் காட்ட ஓபிஎஸ் ஸ்டுடியோ, பின்னர் வெட்டித் தொகுக்க கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் ஆகிய மென்பொருள்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன.

கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதையும், ட்ரோன்களை 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் கட்டுப்படுத்துவதையும் படம்பிடிப்போர் மறக்கலாகாது.

இவ்வளவு உழைத்து எடுத்த படமும் தேடுவோர் கண்ணில் படாமல் போவதுண்டு. படத்துக்குள் இருப்பதை முழுமையாக அறிய இயலாத தேடுபொறி, தலைப்பு, விளக்கம், வசனவரி ஆகிய எழுத்துகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே தேடுவோர் எச்சொல்லால் தேடுகின்றனர் என்பதை அறிவதே இக்கலையின் உயிர்நிலை. மலையை வலம்வருவதைத் தமிழர் ‘கிரிவலம்’ என்று தேட, ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் ஊரையே ‘அருணாசலம்’ என்றும் வலம்வருதலை ‘கிரிபிரதட்சிணம்’ என்றும் சொல்ல, இரமண மகரிஷியை நாடும் வெளிநாட்டினர் ‘அருணாசலா’ என்று தேடுகின்றனர். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் ‘டி’க்குப் பின் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதும் வழக்கம் வேறு. இவ்வடிவங்களை விளக்கப் பகுதியில் இயல்பான வாக்கியங்களாக எழுதிவைப்பது, குறிச்சொற்களை வரிசையாகக் கொட்டுவதைவிட மிகுந்த பயன் தரும்.

தமிழில் எழுதுவோர் இன்னும் இரண்டை அறிந்திருப்பது நல்லது. அச்சுக்கூடங்களில் வழங்கும் பழைய எழுத்துருக்களிலிருந்து நகலெடுத்து ஒட்டிய சொற்கள் தேடுபொறிக்கு வெறும் குழப்பக் குறிகளே என்பதால், தமிழக அரசு 2010இல் ஏற்ற யூனிகோடு முறையிலேயே எழுத வேண்டும். யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், கண்ணுக்கு 7 எழுத்தாகத் தெரியும் ‘திருவண்ணாமலை’ 12 குறிகளாகக் கணக்கிடப்படுகிறது; யூடியூப் தலைப்புக்கு 100 குறிகளே வரம்பு என்னும்போது, வியப்புக்குறிகளுக்கும் அடைமொழிகளுக்கும் அங்கே இடமில்லை. பதினான்கு கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையைக் காட்டும் நீண்ட காணொளியில் இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டு லிங்கங்களுக்கும் நேரக்குறிப்புகள் கொடுத்து, முதற்குறிப்பைச் சுழியத்தில் தொடங்கினால், தளம் அவற்றைத் தனி அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். குபேரலிங்கத்தை மட்டும் தேடி வருவோரும் நேரே அங்கு சென்றுவிடலாம்.

மிகையான தலைப்பால் பார்வையாளரை இழுக்கும் வழக்கம் அறத்துக்கு மட்டுமன்றிக் கணக்குக்கும் ஒவ்வாதது. யூடியூப் 2012 முதல் சொடுக்குகளைவிடப் பார்த்த நேரத்துக்கே முதன்மை தருவதால், ஏமாந்து உடனே விலகுவோர் அக்காணொளியைப் பின்னுக்குத் தள்ளுகின்றனர். ஆயினும் ஆன்மிகத் தலத்தில் இதைவிடப் பெரிய பொறுப்பு ஆண்டைக் குறிப்பதாகும். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையால் மலையடிவாரத்தில் மண்சரிந்து எழுவர் உயிரிழந்தனர். அம்மாதம் 13ஆம் நாள் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. முந்தைய ஆண்டுகளில் மலையேற்றத்தைக் காட்டிய, ஆண்டு குறிக்கப்படாத காணொளி ஒன்றை நம்பிக் குடும்பத்தோடு புறப்படுவோருக்கு அது வழிகாட்டியன்று, தீங்கு. பதிவேற்றிய பின்னரும் தலைப்பையும் விளக்கத்தையும் திருத்த இயலும்; அதனால் இணைப்போ பார்வை எண்ணிக்கையோ மாறுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் கார்த்திகைக்கு முன் பழைய காணொளிகளின் தலைப்பில் ஆண்டையும், விளக்கத்தின் முதல் வரியில் நடப்பாண்டு அறிவிப்பை மாவட்ட நிர்வாகத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் சரிபார்க்குமாறு ஒரு குறிப்பையும் சேர்ப்பது, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.