நாய்க்கு 108 வருமா?

கடந்த கல்வியாண்டில் ஒரு திங்கட்கிழமை. மன்னார்புரம் பகுதியில் நான் பணியாற்றும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு முதல் பாடவேளை. மாணவி ஒருத்தி இடக்கையால் எழுதத் திணறிக்கொண்டிருந்தாள். அவள் வலக்கைப் பழக்கம் உள்ளவள். அன்று வலக்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

“கையில என்னம்மா?”

“ஒண்ணுமில்ல டீச்சர், கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

இடைவேளையில் தனியாக அழைத்துக் கேட்டேன். அழுதுவிட்டாள். சனிக்கிழமை மாலை, அவர்கள் வீட்டு நாய் மணி சாலையைக் கடக்கும்போது இருசக்கர வாகனம் ஒன்று மோதியிருக்கிறது. இவள் ஓடிப்போய்த் தூக்கியிருக்கிறாள். வலியில் துடித்த மணி அவள் கையைக் கடித்துவிட்டது. அக்கம்பக்கத்தார் கூடி நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். காயத்தில் காப்பித்தூளை அப்பினார்கள். காலையில் டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று கோணிப்பையில் படுக்க வைத்தார்கள். விடிவதற்குள் மணி இறந்துவிட்டது.

தன்னைக் கடித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா மணிய வெறிநாய்னு சொல்லிருவாங்க டீச்சர்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “நாய்க்கெல்லாம் 108 வராதா டீச்சர்?”

பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். முதலுதவிப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். நம் வகுப்பில் உள்ள பல பிள்ளைகளின் வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறது. அவற்றுக்கு ஆபத்து நேரும்போது பல நேரங்களில் அருகில் இருப்பது ஒரு குழந்தைதான்.

முதலில் குழந்தையின் கை

அன்று நான் முதலில் செய்தது, பள்ளிக் குழாயைத் திறந்து அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பினால் 15 நிமிடம் கழுவ வேண்டும். நாயின் எச்சிலில் உள்ள வெறிநோய் வைரஸின் எண்ணிக்கையை இது வெகுவாகக் குறைக்கிறது. உடனே கழுவுவதே சிறந்தது. ஆனாலும் இரண்டு நாள் தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. காயம் பொருக்குக் கட்டியிருந்தால் அதைப் பெயர்க்காமல் மெதுவாகக் கழுவலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுப் போடவும் கூடாது.

அவளுடைய அம்மாவை வரவழைத்து, மூவரும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “நாய் இப்போ எப்படி இருக்கு?” கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது வழக்கம். எச்சிலில் வெறிநோய் வைரஸ் வெளிப்படும் நிலைக்கு வந்த நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோயின் அறிகுறிகளைக் காட்டும் அல்லது இறந்துபோகும். பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால் மருத்துவர் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யலாம். மணி விபத்தில் இறந்துவிட்டதால் கவனிப்பதற்கு வழியில்லை. ஆகவே முழுத் தடுப்பூசியும் போட்டாக வேண்டும் என்றார்.

கடித்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசியைப் பெற்ற உடல் போதுமான எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியைக் காப்பதற்காக, ஆயத்தமான எதிர்ப்பொருளைக் காயத்தைச் சுற்றிலும் செலுத்துகிறார்கள். தோலில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது.

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறி தோன்றுவதற்கு முன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் நோயைத் தடுத்துவிடலாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்த வைத்தார். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்கிவருகிறது. மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. இருந்தும் ஒரு குழந்தை தன் நாய்க்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று இரண்டு நாள் கையை மறைத்து வைத்திருந்தாள். அன்று என்னை உலுக்கியது இதுதான்.

அடிபட்ட எந்த நாயும் கடிக்கலாம், அது வலியினால் கடிப்பது, அப்படிக் கடிக்கும் நாய் கெட்ட நாய் அல்ல என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவளுக்கு மறைக்கத் தோன்றியிருக்காது.

யாரை அழைப்பது?

108 ஆம்புலன்ஸ் மனிதர்களுக்கானது. கால்நடைகளுக்கு 1962 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. இது முதன்மையாகக் கிராமங்களில் ஆடு மாடு வளர்ப்போரின் இடத்துக்கே மருத்துவரை அழைத்துச் செல்லும் ஊர்தித் திட்டம். நகரத்தில் நாய்க்கும் பூனைக்கும் இரவில் வீட்டு வாசலுக்கு வரும் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது. செல்லப்பிராணியை நாம்தான் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அரசுக் கால்நடை மருத்துவத்தில் பல படிகள் உள்ளன: கிளை நிலையம், மருந்தகம், மருத்துவமனை, பெருமருத்துவமனை, பன்முக மருத்துவமனை. ஊசி போடவும் சிறு காயங்களுக்கும் மருந்தகமே போதும். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்றால் மேல்படிக்குப் போக வேண்டியிருக்கும். அதற்கும் மேலே கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள். திருச்சியிலிருந்து நாமக்கல்லும் ஒரத்தநாடும் எட்டக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

இவற்றில் மூத்தது சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரி. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பின்னர் வேப்பேரிக்கு இடம் மாறியது. இன்று அங்கே மருத்துவம், அறுவை சிகிச்சை, கண், தோல், எக்ஸ்-ரே, ஸ்கேன் என்று மனிதர்களுக்கு இருப்பதுபோலவே தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. நாய்களுக்கு ரத்த வங்கியும் உண்டு. நாய்களுக்கும் ரத்த வகைகள் இருக்கின்றன என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். ரத்த வகைப் பாடத்தை அன்று அங்கிருந்துதான் தொடங்கினேன்.

ஆபத்து நேரத்தில் தேடக் கூடாது என்பதே இதில் நாம் கற்க வேண்டியது. வீட்டுக்கு அருகில் உள்ள கால்நடை மருத்துவர் யார், எத்தனை மணி வரை இருப்பார், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் பார்ப்பார் என்பதை நாய் நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். கிளம்பும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.

முதல் பத்து நிமிடம்

அடிபட்ட நாயைக் குழந்தைகள் தொடக் கூடாது. பெரியவரை அழைப்பதே குழந்தையின் முதல் கடமை. பெரியவர்கள் செய்ய வேண்டியவை இவை:

வாகனங்கள் வராதபடி ஒருவர் சாலையில் நின்று மறிக்க வேண்டும். நாய்க்கு வாந்தியோ மூச்சுத்திணறலோ இல்லையென்றால், துப்பட்டாவையோ துண்டையோ வாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம். மூச்சுத் திணறும் நாய்க்கு வாயைக் கட்டவே கூடாது.

முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பலகை அல்லது தடித்த போர்வையின் மேல் மெல்ல நகர்த்தி, இருபுறமும் பிடித்துத் தூக்க வேண்டும். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைக்கலாம்.

வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றக் கூடாது. மயக்கத்தில் இருக்கும் உயிருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மணிக்கு அன்பினால் செய்த தவறு இது.

வெளியில் காயமே தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம். ஈறின் நிறம் அதைக் காட்டும். நலமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். வெளுத்தே இருந்தால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். அந்த நாய் காலை வரை காத்திருக்கக் கூடாது. மணியின் ஈறை அன்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

வெயிலும் விஷமும்

திருச்சியின் கத்திரி வெயிலைப் பற்றி நமக்குச் சொல்லத் தேவையில்லை. நமக்கு உடல் முழுதும் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான். நாக்கை நீட்டி இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிர்விக்கிறது. நிறுத்திய காரிலோ தகரக் கொட்டகையிலோ காற்றே சூடாகிவிட்டால் இந்த வழியும் அடைபடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தள்ளாடினால், இரைப்பு நிற்காவிட்டால், நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

எலி மருந்து வீடுகளில் நடக்கும் இன்னொரு விபத்து. ஒருவகை எலி மருந்து, ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. தின்ற நாய் ஓரிரு நாள் நன்றாகவே ஓடியாடும். பிறகுதான் ரத்தக்கசிவு தொடங்கும். ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடும் அந்த ஓரிரு நாளில்தான் சிகிச்சை எளிது. வேறு வகை மருந்துகள் வேறு விதமாகத் தாக்கும். எனவே டப்பாவையோ உறையையோ கையோடு கொண்டுபோக வேண்டும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து.

நமக்கு உணவும் மருந்தும் ஆனவை அவற்றுக்கு நஞ்சாகலாம். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவற்றை நாய்க்குத் தரக் கூடாது. வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மீந்துபோன பிரியாணியை வைக்கும்போது இதை நினைக்க வேண்டும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். அந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

தனிப் பாடவேளை தேவையில்லை. நான் செய்து பார்த்தவை இவை.

தொடக்க வகுப்புகளுக்கு மூன்று வரிகள் போதும்: தூங்கும், சாப்பிடும், குட்டியோடு இருக்கும், அடிபட்ட நாயைத் தொடாதே. கடித்தாலும் நகம் பட்டாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவு. பெரியவரிடம் சொல், யாரும் திட்ட மாட்டார்கள். மூன்றாவது வரியை நாமும் காப்பாற்ற வேண்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள், அது தூங்கும்போது தள்ளி நின்று ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணி வரலாம். ஓய்வில் நாய்க்கு ஏறத்தாழ 10 முதல் 30 வரை இருக்கும். ஒரு வார எண்ணிக்கையை வரைபடமாக்கினால் கணக்கும் ஆயிற்று. இயல்பு எது என்று தெரிந்த குழந்தைக்கே மாற்றம் கண்ணில் படும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு: ஆவியாதல், ரத்தம் உறைதல், நோய் எதிர்ப்பு ஆகிய பாடங்களில் மேலே சொன்ன உதாரணங்களைப் பயன்படுத்தலாம்.

எல்லா வகுப்புக்கும்: வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில், ஆண்டுதோறும். என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தேதி தெரியவில்லை. அடுத்த வாரம் சில அப்பாக்கள் நாயோடு மருந்தகத்துக்குப் போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அந்த மாணவி 28-ஆம் நாள் ஊசியும் போட்டுக்கொண்டு, சீட்டை என்னிடம் காட்டினாள். வகுப்புச் சுவரில் ஒட்ட ஓர் அட்டை தயாரிக்கிறோம், நீ எழுதுகிறாயா என்று கேட்டேன். வலக்கையால்தான் எழுதினாள்: மனிதருக்கு 108, ஆடு மாட்டுக்கு 1962. அதன் கீழே, எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவமனையின் எண்ணும் நேரமும். அட்டையின் ஓரத்தில் ஒரு நாயை வரைந்திருந்தாள். பெயர் எழுதவில்லை. வகுப்பில் யாரும் கேட்கவும் இல்லை.