மூன்று புள்ளி வைத்த ஊர்

சேலத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி இருக்கும் ஊர் பனமரத்துப்பட்டி. பெயரில் எத்தனை எழுத்து என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். விரல் விட்டு எண்ணி 10 என்று சொல்லும். கணினியின் கணக்கில் அது 15.

கணினிக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் ஒப்புக்கொண்ட அட்டவணைதான் யூனிகோடு. அதில் 'ப' 2986, 'ட' 2975. 'டி'க்குத் தனி எண் கிடையாது. ட-வின் எண்ணுக்குப் பின்னால் மேல்விலங்கின் எண் 3007 வந்து சேர வேண்டும். புள்ளிக்கும் தனி எண் உண்டு: 3021. இந்த ஊர்ப்பெயரில் அது மூன்று முறை வருகிறது. அதனால்தான் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70 என்னும்போது, ஊர்ப்பெயர் மட்டுமே 15 இடத்தை எடுத்துக்கொள்கிறது.

இந்தப் புள்ளி பட்ட பாடு கொஞ்சமல்ல. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். பனையைப் பெயரிலேயே சுமக்கும் ஊர், பனையோலையில் 'பனமரததுபபடடி' என்றுதான் இருந்திருக்கும். அச்சு வந்த பிறகுதான் புள்ளிக்கு நிலையான இடம் கிடைத்தது.

கணினி வந்ததும் மறுபடி சோதனை. தொண்ணூறுகளில் பரவிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை உட்காரவைத்தன. அவற்றில் ஒன்றான பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி! பாமினி இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து அந்த ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். எழுத்துருவுக்கு ஓர் அட்டவணை என்று இருந்த காலம் அது. அதைச் சீராக்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு எண் அட்டவணைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. உலகத் தமிழர்கள் இணையத்தில் கூடி டிஸ்கி என்ற இன்னோர் அட்டவணையை உருவாக்கினார்கள். கடைசியில் நிலைத்தது யூனிகோடு.

அதிலும் குறை உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி அச்சில்தான் தமிழையும் வார்த்தார்கள். க-வுக்கும் ங-வுக்கும் நடுவே இந்தியின் மூன்று எழுத்துகளுக்கான இடம் இன்றும் காலியாகக் கிடக்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்ற டேஸ்16 முறையில் பனமரத்துப்பட்டி 10 எண்ணில் அடங்கும். 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்ற அரசாணை, டேஸ்16-ஐயும் மாற்றுத் தரமாக ஏற்றது. ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் எல்லாக் கைப்பேசியும் ஒரே அட்டவணையைப் படிப்பதுதான் பெரிய பேறு என்பேன்.

கோயில் தலவரலாறு, ஊர் வரலாறு, சங்கத்து மலர் என்று பாமினியிலோ டாமிலோ தட்டச்சு செய்த கோப்பு உங்களிடம் இருக்கிறதா? எந்த எழுத்துரு என்று சொல்ல ஆள் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதும் 'ஔவையார்' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கண்ணுக்கு எதிரே இருந்தும் அகப்படாவிட்டால், யாரோ ஒ-வையும் ள-வையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள், திருத்திவிடுங்கள்.