மலடான மறிகளும் மீல்மேக்கர் பயமும்

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மறி ஆட்டுப் பண்ணைகளில் மறிகள், அதாவது பெட்டை ஆடுகள், சினைபிடிப்பது குறைந்துகொண்டே போனது. சினைபிடித்தவற்றில் பல குட்டி ஈன முடியாமல் திணறின; சிலவற்றுக்குக் கருப்பையே வெளியே தள்ளியது. இதைவிட விநோதம், கிடாயோடு சேராத மறிகளுக்கும் விதையடித்த கிடாய்களுக்கும்கூட மடி சுரந்தது. மேய்ச்சலில் குறையே இல்லை. ஆடுகள் வயிறு நிறையப் பச்சை மேய்ந்துகொண்டிருந்தன. வினையே அந்தப் பச்சையில்தான் இருந்தது.

சத்தற்ற மணல் நிலத்தைத் தேற்ற, சூப்பர் பாஸ்பேட் இட்டு அங்கே விதைத்திருந்தது சப்டெரேனியன் க்ளோவர். நம்மூர்க் குதிரைமசாலுக்கு உறவான தீவனப்பயிர். நிலக்கடலையைப் போலக் காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும். பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1946-இல் இந்தப் பயிரையும் மலட்டுத்தன்மையையும் முடிச்சுப் போட்டு எழுதினார்கள். 'க்ளோவர் நோய்' என்று பெயர் நிலைத்தது.

சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று இன்று ஜிம்களில் உலவும் பேச்சின் வேதியியல் வேர் இங்கேதான் இருக்கிறது. க்ளோவரில் இருப்பதும் சோயாவில் இருப்பதும் ஐசோஃபிளேவோன் என்ற ஒரே குடும்பத்துச் சேர்மங்கள். உருவத்தில் ஈஸ்ட்ரோஜெனை ஒத்திருப்பதால், செல்லில் அந்த ஹார்மோனுக்கென்று உள்ள ஏற்பிகளில் இவையும் போய் ஒட்டும். ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை உண்டு என்பது 1996-இல்தான் தெரியவந்தது. சோயாவின் ஜெனிஸ்டீன் பீட்டாவை நாடும். கருப்பையில் ஓங்கியிருப்பது ஆல்ஃபா. எனவே சோயாவையும் ஈஸ்ட்ரோஜென் மாத்திரையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

ஆடுகளின் கதையிலும் முதலில் பழி, க்ளோவரிலும் இருக்கும் ஜெனிஸ்டீன் மேல்தான் விழுந்தது. பிறகு பார்த்தால், ஆட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்து, ஹார்மோன் குணமே இல்லாத பொருளாக்கிவிடுகின்றன. உண்மைக் குற்றவாளி க்ளோவரின் இன்னொரு ஐசோஃபிளேவோனான ஃபார்மோனோனெடின். தன்னளவில் அது ஏறக்குறைய சாது. ஜெனிஸ்டீனை அடக்கிய அதே பெருவயிறு இதை டைட்ஸீனாக்கி, பிறகு ஈக்வாலாக மாற்றுகிறது. அந்த ஈக்வால்தான் வேலையைக் காட்டியது. ஆண்டுக்கணக்கில் மேய்ந்த மறிகளின் கருப்பைவாய் தன் இயல்பை இழந்து கருப்பையைப் போலவே மாற, அவை நிரந்தர மலடாயின. பின்னாளில் ஃபார்மோனோனெடின் குறைந்த ரகங்களை உருவாக்கித்தான் சமாளித்தார்கள்.

இனி அளவுக்கு வருவோம். அந்தக் க்ளோவர் இலையின் உலர் எடையில் 5 விழுக்காடு வரை ஐசோஃபிளேவோன் இருக்கும். நாளெல்லாம் அதையே மேயும் ஆட்டுக்குள் அது கிராம் கணக்கில் போகும். டோஃபுவும் மிசோவும் அன்றாடம் உண்ணும் ஜப்பானியருக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு 25 முதல் 50 மில்லிகிராம். நாம் குருமாவில் போடும் ஒரு கைப்பிடி மீல்மேக்கர் என்ற சோயா உருண்டையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். சோயா எண்ணெயில் அனேகமாக ஒன்றுமே இல்லை. போதாததற்கு, ஈக்வால் தயாரிக்கும் நுண்ணுயிர் எல்லா மனிதக் குடலிலும் இல்லை. மேலைநாட்டவரில் நாலில் ஒருவருக்கோ மூவரில் ஒருவருக்கோதான் அந்தத் திறன். ஜப்பானியரில் பாதிப் பேருக்கு.

ஆண்களைப் பயமுறுத்தியது 2008-இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வு. கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளில் 99 ஆண்களைப் பார்த்ததில், சோயா அதிகம் உண்டவர்களுக்கு விந்தணுச் செறிவு குறைந்திருந்தது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக்கின. மொத்த எண்ணிக்கையிலும் நீந்தும் வேகத்திலும் வடிவத்திலும் மாற்றமில்லை என்ற பாதி மட்டும் பலர் காதில் விழவில்லை. அதே ஆண்டு, தினமும் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சோயா பால் குடித்துவந்த 60 வயதுக்காரருக்கு மார்பு வீங்கிய கதையும் வந்தது. நிறுத்தியதும் சரியாகிவிட்டது. மூன்று லிட்டர் எதைக் குடித்தாலும் ஏதாவது ஆகும் என்பது என் கட்சி. 41 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனையோ ஈஸ்ட்ரோஜெனையோ சோயா அசைக்கவில்லை என்கிறது.

பெண்களிடம் சிறு அசைவு தெரிகிறது. 2009-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சோயா உண்ட, மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் ஐந்தில் ஒரு பங்கு இறங்கின. மாதச் சுழற்சி சுமார் ஒரு நாள் நீண்டது. இதனால் கருத்தரிப்பு கெடும் என்பதற்குச் சான்றில்லை. கைக்குழந்தைகள் விஷயம் வேறு. சோயா பால்மாவு மட்டுமே குடிக்கும் சிசுவுக்கு, உடல் எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிடப் பல மடங்கு ஐசோஃபிளேவோன் சேரும். அப்படி வளர்ந்தவர்களையும் பசும்பால் மாவில் வளர்ந்தவர்களையும் சேர்த்து, 811 இளம் வயதினரை ஒப்பிட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வில் பெரிய வேறுபாடு தென்படவில்லை; பெண்களுக்கு உதிரப்போக்கு சற்று நீடித்தது. ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் அந்த மாவை வாங்கத் தேவையில்லை.

கருத்தரிக்க முயலும் பெண்கள் மெய்யாகவே கவனிக்க வேண்டியது தைராய்டை. தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கலாம். மாத்திரை சேராவிட்டால் தைராய்டு கட்டுக்குள் வராது. மாதவிடாயும் முறை தவறலாம். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, சோயா பாலையோ மீல்மேக்கரையோ சில மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் போதும்.